திரையில் விழுந்த நிழல்

கடந்த நவம்பர் மாதத்தில் ஒரு பிற்பகல். பேகம்பேட்டில் எங்கள் கிளையின் ஓய்வூதியர் ஒருவரது இல்லத்திற்குச் சென்றிருந்தேன். எண்பது வயதைக் கடந்தவர். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். முழங்கால் வலியால் படியிறங்க இயலாத அவருக்கு, வீட்டிலேயே வாழ்நாள் சான்று பதிவு செய்து தருவது அன்றைய என் பணி. கைப்பேசியில் முகத்தைப் படம் பிடித்து அனுப்பும் முறை வந்த பிறகு இது எளிதாகிவிட்டது. ஆயினும் அன்று கூடத்தில் அமர்ந்து இருமுறை முயன்றும் பாதியிலேயே தொடர்பு அறுந்தது.

"கைப்பேசியை ஜன்னல் பக்கமாக ஒரு சாண் நகர்த்திப் பிடியுங்கள், சார்" என்றார் பெரியவர். அவ்வாறே செய்தேன். மூன்றாம் முறை சான்று பதிவாயிற்று.

நான் வியப்புடன் நோக்க, அவர் சிரித்தார். "முப்பது ஆண்டு மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பியவன் நான். ஒரு சாண் தள்ளினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நாளில் இங்கே விமானம் இறங்கும்போதெல்லாம் டி.வி.யில் படம் நடுங்கும். விமானம் போனதும் தானே சரியாகிவிடும். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, திரையில் பேய் ஆடுகிறது என்பார்."

அந்த அம்மையார் அறியாமலேயே சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார். தொலைக்காட்சிப் படத்தின் அருகில் விழும் மங்கலான இரண்டாவது படத்திற்குப் பொறியாளர்கள் வைத்த பெயரே 'கோஸ்ட்', அதாவது பேய் என்பதுதான். நம் வீடுகளில் 'நிழல் விழுகிறது' என்றும் 'டபுள் படம்' என்றும் சொல்லி வந்தோம். வணிகவியல் படித்த எனக்கு இந்த நிழலோடு ஒரு பழைய கணக்கு உண்டு. அதைச் சொல்வதற்கு முன், நிழல் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்ப்போம்.

ஒரே செய்தி, இரண்டு வழி

மலைப்பாங்கான இடத்தில் நின்று குரல் கொடுத்தால், சற்று நேரம் கழித்து அதே குரல் திரும்பி வருகிறது. தொலைக்காட்சி அலையும் இவ்வாறே நடந்துகொள்கிறது. ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. அதில் ஒரு பகுதி நேரே நம் வீட்டு ஆன்டெனாவை வந்தடைகிறது. மற்றொரு பகுதி ஒரு மலையிலோ, உயர்ந்த கட்டடத்திலோ, தண்ணீர்த் தொட்டியிலோ பட்டுத் திரும்பி, சுற்றுவழியாக அதே ஆன்டெனாவுக்கு வந்து சேர்கிறது. இரண்டும் ஒரே செய்தியையே சுமந்து வருகின்றன. ஆனால் இரண்டாவது சற்றுத் தாமதமாக வருகிறது.

எங்கள் தொழிலில் இதற்கு நல்லதோர் உவமை உண்டு. ஒரே காசோலை கணக்கில் இருமுறை பதிவாகிவிட்டால் என்ன ஆகும்? பதிவுகள் இரண்டும் ஒரே உண்மையான காசோலையிலிருந்து வந்தவைதாம். இரண்டும் சேர்ந்து நிற்பதுதான் பிழை. நிழல் பிம்பமும் இத்தகைய இரட்டைப் பதிவே.

அந்தத் தாமதம் எவ்வளவு சிறியது தெரியுமா? வானொலி அலை ஒரு வினாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அதாவது ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிய ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர். இவ்வளவு சிறிய காலத்தை நம் கண் எப்படி அறியும் என்று கேட்கலாம். கண் அறியாது, திரை அறியும்.

பழைய குழாய்த் திரையில் ஒரு முழுப் படம் 625 கோடுகளால் ஆனது. வினாடிக்கு 25 படங்கள். எனவே வினாடிக்கு 15,625 கோடுகள். ஒரு கோட்டிற்குக் கிடைக்கும் காலம் 64 மைக்ரோ வினாடி. அதில் 12 மைக்ரோ வினாடி, எழுதும் கற்றை அடுத்த கோட்டின் தொடக்கத்திற்குத் திரும்பிச் செல்வதில் கழிகிறது. மீதமுள்ள 52 மைக்ரோ வினாடியில் கற்றை திரையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை படத்தை எழுதிச் செல்கிறது. 20 அங்குலப் பெட்டியின் திரை ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலம். ஆகவே கற்றை ஒரு சென்டிமீட்டர் நகர 1.3 மைக்ரோ வினாடி ஆகிறது. அந்தக் காலத்தில் அலை 390 மீட்டர் கடந்துவிடும்.

இதன் பொருள் வியப்பானது. திரையில் உண்மைப் படத்திற்கும் நிழலுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், எதிரொலித்து வந்த அலை 390 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருக்கிறது. தாமதமாக வருவதால் நிழல் எப்போதும் உண்மைப் படத்திற்கு வலப்புறமே விழும். ஆக, நிழல் என்பது வெறும் கோளாறு அன்று. அது ஓர் அளவுகோல்.

ஆலந்தூர் வீட்டில் ஆறு சென்டிமீட்டர்

இந்த அளவுகோலை என் கண்முன்னே ஒருவர் பயன்படுத்திக் காட்டினார். அப்போது எனக்கு ஒன்பது வயது. சென்னை ஆலந்தூரில் குடியிருந்தோம். 1987ஆம் ஆண்டு, முதிர்ந்த தொடர் வைப்புத் தொகையை எடுத்து, மரக்கதவுகள் கொண்ட 20 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்றை என் தந்தையார் வாங்கினார். தெருவில் அது மூன்றாவது பெட்டி.

அந்த ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி, சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் உலகக் கோப்பைப் போட்டியில் மோதின. எங்கள் கூடத்தில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். திரையிலோ ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் வலப்புறம் மங்கலாக மற்றோர் ஆட்டக்காரர். மூன்று ஸ்டம்புகள் ஆறாகத் தெரிந்தன. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்து எல்லைக் கோட்டிற்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று மைதானத்திலேயே ஐயம் எழுந்து, முதலில் நான்கு என்று தந்ததைப் பின்னர் ஆறாக மாற்றினார்கள். எங்கள் திரையிலோ இரண்டு பந்துகள் பறந்தன, எதை நம்புவது? இறுதியில் ஆஸ்திரேலியா ஒரே ஓட்டத்தில் வென்றது. இந்தத் தோல்வியோடு, புதுப் பெட்டியில் பழுது என்ற பேச்சும் சேர்ந்து தந்தையாரை வாட்டியது.

அவர் ஒரு பழுதுபார்ப்பவரை அழைத்து வந்தார். வந்தவர் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்து, டியூனர் சரியில்லை, மாற்ற வேண்டும் என்றார். மாற்றினார். நிழல் அப்படியே இருந்தது. ஒரு மாதம் கழித்து வேறொருவர் வந்து, படக்குழாய் பலவீனமாகிவிட்டது என்றார். அதற்கான தொகையைக் கேட்டதும் தந்தையார் சற்று அவகாசம் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாள்தோறும் செலவு எழுதும் அவரது கணக்கு நோட்டில், டியூனருக்குக் கொடுத்த 350 ரூபாய்க்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும் இடப்பட்டிருந்தது. மாதச் சம்பளக் குடும்பத்தில் அது சிறிய தொகை அன்று.

பக்கத்துத் தெருவில் தபால் தந்தித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். செய்தி கேட்டு அவரே வந்தார். பெட்டியைத் தொடவில்லை. "தம்பி, உன் ஸ்கேலைக் கொண்டு வா" என்று என்னிடம் கேட்டார். செய்தி வாசிப்பவரின் முகத்திற்கும் நிழல் முகத்திற்கும் இடையே ஸ்கேலை வைத்து அளந்தார். ஆறு சென்டிமீட்டர். ஒரு தாளில் பெருக்கினார்: 6 × 390 = 2,340 மீட்டர்.

பிறகு சென்னை வரைபடத்தை விரித்தார். தூர்தர்ஷன் கோபுரம் சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கிறது. அது எங்கள் வீட்டிற்கு வடகிழக்கே ஏறத்தாழ 10.8 கிலோமீட்டர். வீட்டிற்கு மேற்கே ஒன்றரை கிலோமீட்டரில் பரங்கிமலை. கோபுரத்திலிருந்து மலைக்கு 11.6 கிலோமீட்டர். மலைக்குச் சென்று அங்கிருந்து வீட்டிற்கு வந்தால் மொத்தம் 13.1. நேர்வழியைக் கழித்தால் 2.3 கிலோமீட்டர். தாளில் இருந்த எண்ணும் வரைபடத்தில் இருந்த எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றன.

"உங்கள் பெட்டி நன்றாகவே இருக்கிறது. பார்த்துக்கொண்டிருப்பது பரங்கிமலையை" என்றார் அவர்.

பின் மாடிக்கு ஏறினார். ஆன்டெனா சரியாகச் சேப்பாக்கத்தை நோக்கியே நின்றது. அதை அவர் வேண்டுமென்றே வடக்குப் பக்கமாகச் சற்றுத் திருப்பினார். கோபுரம் இருக்கும் திசையை விட்டு விலக்கினால் படம் கெடாதா என்று தந்தையார் கேட்டார். நான் கூடத்திற்கும் மாடிப்படிக்கும் இடையே நின்று, "நிழல் குறைகிறது... குறைகிறது... போய்விட்டது!" என்று கத்தினேன். படம் மிகச் சிறிதளவு மங்கியது. ஆனால் ஒற்றைப் படமாக நின்றது.

அன்றிரவு தந்தையார் கணக்கு நோட்டை எடுத்து, கேள்விக்குறியை அடித்துவிட்டு, 'வீண்' என்று எழுதினார். அந்தப் பழுதுபார்ப்பவர் ஏமாற்றினார் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் பெட்டிக்குள்ளேயே தேடினார், அவ்வளவுதான். கோளாறு ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

மீன்முள் ஆன்டெனாவின் நுட்பம்

திசையை விட்டு விலக்கியும் படம் சீரானது ஏன்? மொட்டைமாடிகளில் நாம் கண்ட அந்த அலுமினிய ஆன்டெனாவின் அமைப்பில் இதற்கு விடை இருக்கிறது. மீன்முள் போன்ற அதில், ஒரு குறுக்குக் கம்பியில் மட்டுமே வயர் இணைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் உள்ள சற்று நீளமான கம்பி, முன்னிருந்து வரும் அலையைத் திருப்பி அனுப்புகிறது. முன்னால் உள்ள குட்டையான கம்பிகள் அலையைக் குவித்துத் தருகின்றன. இதனால் முன்பக்கத்தில் இந்த ஆன்டெனாவுக்குக் காது கூர்மை. பின்பக்கத்தில் மந்தம். சரியாகப் பக்கவாட்டில், செங்கோணத் திசையில், ஏறக்குறைய முழுச் செவிடு.

பரங்கிமலையிலிருந்து வந்த எதிரொலி அந்தச் செவிட்டுத் திசையில் விழுமாறு ஆன்டெனாவைத் திருப்பியதுதான் அந்தப் பெரியவர் செய்த வேலை. நேரே வந்த அலை வலுவானது. சிறிது இழந்தாலும் தாங்கும். இழப்பைவிட ஆதாயம் பெரிது என்று கணக்கிட்டே அதைச் செய்தார்.

இந்த ஆன்டெனாவை 1926இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் உருவாக்கினார்கள். உலகம் இதை யாகி ஆன்டெனா என்றே அழைத்தாலும், ஆய்வின் பெரும்பகுதி உடாவினுடையது. அந்த உடா 1950களில் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இந்தியாவின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15ஆம் தேதி அதே தில்லியில்தான் தொடங்கியது.

நிழலில் வேறு வகைகளும் உண்டு. எதிரொலித்த அலை நேர் அலைக்கு எதிர்நிலையில் வந்து சேர்ந்தால், நிழலில் வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் மாறித் தெரியும். ஆன்டெனாவிலிருந்து வரும் வயரும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தாலும், இணைப்பில் துரு ஏறியிருந்தாலும், அலை வயருக்குள்ளேயே முட்டித் திரும்பும். ஆனால் 15 மீட்டர் வயரில் இந்தத் தாமதம் மிகச் சிறிது. திரையில் ஒரு மில்லிமீட்டர் அளவே. எனவே தனி நிழலாக விழாமல், உருவங்களின் ஓரம் மட்டும் தடித்துத் தெரியும். கேபிள் இணைப்பு வந்த பிறகு நிழல் இடப்புறம் விழுந்த வீடுகளும் உண்டு. கோபுரத்திற்கு மிக அருகில் உள்ள வீட்டில், பெட்டியே வானலையை நேரடியாகப் பிடித்துவிடும். கேபிள் வழியாக வரும் படம் அதன் பின்னரே வந்து சேரும். நிழலின் இடம், நிறம், தூரம் ஆகிய மூன்றையும் பார்த்தாலே கோளாறு எங்கிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பேகம்பேட்டின் நடமாடும் நிழல்

பரங்கிமலை அசையாது, எனவே அதன் நிழலும் அசையாது. பேகம்பேட்டின் கதை வேறு. இங்கே எதிரொலித்த பொருள் வானில் பறந்துகொண்டிருந்தது.

ஹைதராபாத் தூர்தர்ஷன் நிலையம் 1977இல் தொடங்கியது. மலக்பேட்டை அடுத்த மூசாராம்பாக் பகுதியில் 'டி.வி. டவர்' என்றால் இன்றும் எல்லோருக்கும் வழி தெரியும். அங்கிருந்து பேகம்பேட் வடமேற்கே ஏறத்தாழ 9 கிலோமீட்டர். நிஜாம் ஆட்சிக் காலத்தில் அமைந்த பேகம்பேட் விமான நிலையமே 2008 மார்ச்சில் ஷம்சாபாத் நிலையம் திறக்கப்படும் வரை இந்நகரின் பயணிகள் விமான நிலையமாக இருந்தது. நகரம் வளர்ந்து விமான நிலையத்தைச் சூழ்ந்துகொண்டது. வீடுகளின் தலைக்கு மேலேயே விமானங்கள் இறங்கின.

விமானம் உலோகத்தாலானது, மிக நன்றாக அலையைத் திருப்பி அனுப்பும். தலைக்கு மேலே தாழ்வாகப் பறக்கும்போது, அதில் பட்டு வரும் அலைக்கும் நேரே வரும் அலைக்கும் உள்ள தூர வேறுபாடு சில நூறு மீட்டரே. எனவே நிழல் உண்மைப் படத்தை ஒட்டியே விழும். ஆனால் அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஏனெனில் விமானம் நகர நகர அந்தத் தூரம் மாறிக்கொண்டே இருக்கிறது.

60 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை எடுத்துக்கொள்வோம். அதன் அலைநீளம் 5 மீட்டர். தூர வேறுபாடு 5 மீட்டர் மாறும்போதெல்லாம், இரண்டு அலைகளும் ஒருமுறை கைகோத்து வலுப்பெற்று, ஒருமுறை எதிர்த்து நின்று வலுவிழக்கின்றன. இறங்கும் விமானம் வினாடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் கடக்கிறது. ஆகவே அது பறக்கும் கோணத்திற்கேற்ப, வினாடிக்குச் சிலமுறை முதல் இருபது முறைக்கும் மேலாகப் படம் ஒளிர்ந்து மங்கும். பெரியவரின் மாமியார் கண்ட பேயாட்டம் இதுதான். விமானம் ஓடுபாதையைத் தொட்டதும் ஆட்டம் நின்றுவிடும். இதற்கு ஆன்டெனாவைத் திருப்பிப் பயனில்லை. நிழலைத் தரும் பொருளே திசை மாறிக்கொண்டிருக்கிறது அல்லவா?

தொல்லை என்று நாம் ஒதுக்கிய இதே நடுக்கம் வேறோரிடத்தில் வரலாற்றையே மாற்றியது. 1930களின் தொடக்கத்தில், விமானங்கள் அருகில் பறக்கும்போது தங்கள் வானொலிக் கருவிகளில் அலை ஏறி இறங்குவதைப் பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர்கள் கவனித்துக் குறித்து வைத்திருந்தார்கள். ஆர்னல்டு வில்கின்ஸ் என்ற அறிவியலாளருக்கு அந்தக் குறிப்பு நினைவுக்கு வந்தது. கோளாறாகத் தோன்றுவதையே கருவியாக்கினால் என்ன என்று அவரும் ராபர்ட் வாட்சன் வாட்டும் எண்ணினார்கள். 1935 பிப்ரவரி 26ஆம் தேதி, டேவன்ட்ரி என்ற ஊரில் இருந்த பி.பி.சி. சிற்றலை நிலையத்தின் அலையைப் பயன்படுத்தி, வானில் பறந்த ஒரு குண்டுவீச்சு விமானத்தின் எதிரொலியைத் திரையில் கண்டார்கள். பிரிட்டனின் ரேடார் அந்தச் சோதனையிலிருந்தே வளர்ந்தது. பேகம்பேட் வீடுகளில் படம் நடுங்கியபோது, ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியும் தன்னையறியாமல் ஒரு சிறிய ரேடாராகவே இயங்கியது எனலாம்.

பகை நட்பானது

நிழலை ஒழிக்கப் பொறியாளர்கள் பல வழிகளில் முயன்றார்கள். 1989இல் ஜப்பான் கையாண்ட வழி, தணிக்கைப் பணியை அறிந்த எனக்கு மிகவும் பிடித்தது. திரையில் தெரியாத ஒரு கோட்டில், முன்னரே முடிவு செய்யப்பட்ட ஓர் அடையாள அலையை நிலையம் அனுப்பும். அது எப்படி இருக்க வேண்டும் என்பது பெட்டிக்குத் தெரியும். வந்தடைந்ததையும் இருக்க வேண்டியதையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கண்டறிந்து, அதைப் படம் முழுவதிலும் கழித்துவிடும். வங்கிச் சரிகட்டும் பட்டியலைத் தயாரித்தவர்களுக்கு இது நன்கு விளங்கும்.

எண்முறை ஒளிபரப்பு வந்தபின் அணுகுமுறையே மாறியது. பழைய முறையில் செய்தி ஒற்றைப் பெருவெள்ளமாக விரைந்து வந்தது. அதனால் சிறு தாமதமும் பெரும் கலக்கத்தை உண்டாக்கிற்று. புதிய முறையில் செய்தியை நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மெல்லிய ஓடைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெதுவாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு துண்டுச் செய்திக்கும் முன்னால் ஒரு சிறு காப்புக் காலம் விடப்படுகிறது. சுற்றுவழியில் வரும் எதிரொலிகள் அந்தக் காலத்திற்குள் வந்து சேர்ந்துவிட்டால் கலக்கம் இல்லை. மாறாக, அவற்றின் ஆற்றலும் சேர்ந்து செய்திக்கு வலுவூட்டவும் கூடும்.

நம் கையில் உள்ள 4ஜி கைப்பேசியும் இம்முறையிலேயே இயங்குகிறது. அதில் வழக்கமான காப்புக் காலம் 4.7 மைக்ரோ வினாடி. அந்த நேரத்தில் அலை 1,400 மீட்டர் செல்லும். அதாவது நேர்வழியைவிட 1.4 கிலோமீட்டர் வரை சுற்றிவந்த எதிரொலியையும் கைப்பேசி பொறுத்துக்கொள்ளும். கட்டடங்கள் நெருங்கிய பேகம்பேட்டில், கோபுரமே கண்ணுக்குத் தெரியாத சந்துக்குள் தேநீர்க் கடைக்காரரின் பெட்டி 'பணம் பெறப்பட்டது' என்று அறிவிக்கிறதென்றால், சுவரில் பட்டு வந்த எதிரொலிகளே அச்செய்தியைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அன்று விரட்டப்பட்டவை இன்று ஊழியம் செய்கின்றன.

ஆயினும் எதிரொலியின் குறும்பு முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அறைக்குள் பல திசைகளிலிருந்து வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும். சில அங்குலம் தள்ளி ஒன்றையொன்று தேய்க்கும். 1,800 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். ஏறத்தாழ ஒரு சாண். எனவே கைப்பேசியை அரைச் சாண், ஒரு சாண் நகர்த்தினாலே நிலைமை மாறிவிடக் கூடும். அன்று பெரியவர் சொன்ன யோசனையின் பின்னணி இதுதான். கைப்பேசியில் தொடர்பு அறுந்தால் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் புதுக் கைப்பேசி வாங்கும் எண்ணத்திற்கு முன், இருக்கையைச் சற்று மாற்றிப் பார்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

மொட்டைமாடியில் மிச்சம்

தூர்தர்ஷன் தன் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022ஆம் ஆண்டளவில் நிறுத்திவிட்டது. கேபிளும் வட்டத் தட்டும் அதற்கு வெகு முன்பே வீடுகளுக்கு வந்துவிட்டன. வானை நோக்கிய தட்டு, செயற்கைக்கோளிலிருந்து நேரே வரும் அலையை மட்டுமே ஏந்திக்கொள்கிறது. மலையும் கட்டடமும் அதன் பார்வையில் இல்லை. இன்றைய குழந்தைகளுக்கு நிழல் விழுந்த படம் என்றால் என்னவென்றே தெரியாது. படம் வந்தால் முழுதாக வருகிறது. இல்லையேல் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. எங்கே பழுது என்று அந்தக் கட்டங்கள் சொல்வதில்லை. பழைய நிழலோ தான் வந்த வழியையும் தூரத்தையும் தானே காட்டிக்கொடுத்தது. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்ததால், எங்கள் வீட்டில் படக்குழாயின் விலை மிச்சமாயிற்று.

வங்கிப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டேன். கணக்கில் ஏதோ பிழை என்று பதறி வரும் வாடிக்கையாளர்களைக் காணும்போதெல்லாம் அந்த ஸ்கேல் நினைவுக்கு வரும். முதலில் எதையும் மாற்றாதே, அளந்து பார். எவ்வளவு தாமதம், எந்தப் பக்கம், எந்த நாளிலிருந்து என்று கேள். பல வேளைகளில் பிழை கணக்கில் இருப்பதில்லை. செய்தி வந்த வழியில் இருக்கிறது.

சான்றுக்கான ஒப்புகை எண்ணைப் பெரியவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் விரும்பியபடி மாடிக்குப் போய் ஆன்டெனாவைப் பார்த்தேன். இரண்டு கம்பிகள் ஒடிந்திருந்தன. மற்றவற்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் அதன் முகம் இன்னமும் தென்கிழக்கே, மூசாராம்பாக்கை நோக்கியே இருந்தது. கீழே வந்து, பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமே என்றேன்.

"இருக்கட்டும், சார். துணி காயப் போட வேறு கம்பி வாங்க வேண்டும்" என்றார்.

பயணிகள் சேவை நின்றுவிட்டாலும், பேகம்பேட்டில் இன்றும் சில விமானங்கள் வந்து போகின்றன. நான் விடைபெறும் நேரத்தில் ஒன்று வீட்டின் மேலே தாழ்வாகக் கடந்தது. பேசிக்கொண்டிருந்த பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டு, கூடத்து டி.வி.யைத் திரும்பிப் பார்த்தார். படம் அசையவில்லை.